பாயிண்ட் 32, பாயிண்ட் 45

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் ஒருவர் திடீரென்று திரும்பினார். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மாப்பிள்ளை, பெயர் வேண்டாம். "மாமா, உங்ககிட்ட ரிவால்வர் இருந்துதாமே? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஆபீஸ் குர்காவுன்ல. ராத்திரி ஒரு மணிக்குத் தனியா கார் ஓட்டிக்கிட்டு வரேன். இடுப்புல வெளியே தெரியாம அடங்கணும், ஆனா நல்ல பவர்ஃபுல்லா இருக்கணும். பாயிண்ட் 45 மாதிரி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். சர்க்கரைப் பொங்கல் வந்துகொண்டிருந்த நேரம். "அப்புறம் சொல்றேன் மாப்பிள்ளை" என்று நழுவிவிட்டேன். அந்த "அப்புறம்" இப்போதுதான் வந்திருக்கிறது. அவர் ஒருவருக்குச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாமே என்று தோன்றியது.

நான் துப்பாக்கி நிபுணன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளமும் பாலமும் பார்த்தே ஓய்வு பெற்றவன். 1998-ஆம் ஆண்டு முதல் சென்ற ஆண்டு வரை ஒரு பாயிண்ட் 32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருந்தேன். 2023-ல் அமெரிக்காவில் என் மகனிடம் இருக்கும் சின்ன பாயிண்ட் 45 பிஸ்டலைச் சுட்டுப் பார்த்தேன். இரண்டையும் கையில் பிடித்தவன் என்பதுதான் என் தகுதி.

முதலில் சட்டம். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. நம் நாட்டில் அது அரசாங்கம் பார்த்துத் தரும் அனுமதி. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தின் நோக்கமே இந்தியர் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய சட்டம் வந்தது. 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2016-ல் விதிகளை மாற்றி எழுதினார்கள். 2019-ல் சட்டத்தையே திருத்தினார்கள். அதன்பின் ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, முன்பு 3 வரை வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் இப்போது 5 ஆண்டுகள் செல்லும், முன்பு 3 ஆண்டுகள்தான்.

நம் ஊர்ப்பக்கம் இதைக் கலெக்டர் தருவார். தில்லியில் 1978 முதல் போலீஸ் கமிஷனர் முறை இருப்பதால், காவல்துறையின் லைசென்சிங் பிரிவு தருகிறது. ஏன் வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும். பேட்டைக் காவல்நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள். உடல், மனநலச் சான்றிதழ் வேண்டும். 2016-க்குப் பிறகு பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழும் வேண்டும். வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். "ராத்திரி தனியாக வருகிறேன்" என்பதைக் காரணமாக எழுதினால் அதிகாரி சிரிக்கமாட்டார். ஆனால் தில்லியில் பாதிப்பேர் அப்படித்தானே வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

நான் 1998-ல் காட்டிய காரணம் "கச்சா-பனியன்" கும்பல். அந்த நாளில் யமுனைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளாடை மட்டும் அணிந்து, உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு, நடுராத்திரியில் வீடு புகுந்து அடிக்கும் கொள்ளைக்காரர்கள். எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் புகுந்து ஒரு பெரியவரின் மண்டையை உடைத்தார்கள். எனக்கோ மாதத்தில் பத்து நாள் லைனில் வேலை. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பல மாதம் அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். நான் ஊரில் இல்லாதபோது ரிவால்வர் பூட்டித்தான் இருக்கும், என் மனைவிக்கு அதைத் தொடக்கூட உரிமையில்லை என்பது லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது!

இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் விஷயத்தில் நம் விதி ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே நெடுங்காலமாகத் தனி அனுமதி வேண்டியிருந்தது. இங்கே நேர்மாறு. லைசென்ஸ் உள்ளவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையில் போட்டு, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. வெளியே தெரிய மாட்டிக்கொண்டு திரிவதுதான் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அதற்கு 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, மூடிக்கொண்டு எங்கே போகலாம்? பள்ளி, கல்லூரி வளாகத்துக்குள் கூடாது. திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் கூடாது என்று லைசென்ஸிலேயே நிபந்தனை இருக்கிறது. ஆகவே உத்தர சுவாமிமலைக்குக் காவடி பார்க்கப் போவதானால் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மெட்ரோவில் கூடாது. தேர்தல் அறிவித்தால் காவல்நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்லி ஓலை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைசென்ஸில் "எந்தப் பகுதிக்குள் செல்லும்" என்று எழுதியிருக்கும். என்னுடையது தில்லிக்கு மட்டும். குர்காவுன் ஹரியானா மாநிலம். மாப்பிள்ளை ஆபீஸுக்குத் துப்பாக்கியோடு போய், எல்லையில் போலீஸ் சோதித்தால், கொள்ளைக்காரனுக்கு முன்னால் இவர்தான் உள்ளே போவார். இந்தியா முழுவதும் செல்லும் லைசென்ஸ் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்; சுலபத்தில் கிடைப்பதில்லை.

கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போதெல்லாம் ரிவால்வரை ஒரு கன் ஹவுஸில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு போவேன். ஒரு வருடம் நேரமில்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ஆக்ரா தாண்டியதும், பீரோ சாவியை எங்கே வைத்தோம் என்ற சந்தேகம் வந்துவிட்டது. சென்னை வரை ஒன்றரை நாள் எனக்குத் தூக்கமில்லை. நகை போனால் நமக்கு நஷ்டம், அவ்வளவுதான். ரிவால்வர் போனால், அதை வைத்து யாரோ எங்கேயோ செய்யப்போகும் காரியத்துக்கு நாம்தானே முதல் கண்ணி? சாவி கடைசியில் என் ஷேவிங் பெட்டியிலேயே இருந்தது.

இனி, அந்த பாயிண்ட் 45. நம் சட்டத்தில் "தடை செய்யப்பட்ட போர்" என்று ஒரு வகை உண்டு. படைகளும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டாக்களைப் போடக்கூடிய துப்பாக்கிகள், அதாவது சர்வீஸ் 9 மில்லிமீட்டர், பாயிண்ட் 38, பாயிண்ட் 455 முதலியவை, சாதாரண மக்களுக்குக் கிடையாது. அரசாங்கக் கிடங்கிலிருந்து தோட்டா கசிந்தால் அது ஊரில் உள்ள துப்பாக்கிகளில் பொருந்தக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. அத்துடன் 1980-களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறி, லட்சக்கணக்கில் விலை போகின்றன. கையடக்க பாயிண்ட் 45 நமக்கு எட்டாக்கனி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது பாயிண்ட் 32. மத்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலை செய்த 6 தோட்டா ரிவால்வர் என்னிடம் இருந்தது. எடை ஏறத்தாழ 700 கிராம். குழல் 3 அங்குலம். பழைய வெப்லி மாதிரியில், நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடுவது. 2014-ல் கான்பூரில் "நிர்பீக்" என்று பெண்களுக்காக 500 கிராமில் ஒன்று செய்தார்கள். 2012-ல் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெண்ணை ஊர் அழைத்த பெயரை ஒட்டி வைத்த பெயர். விலை 1,22,360 ரூபாய்! எந்த வேலைக்குப் போகும் பெண் அதை வாங்குவாள் என்று அப்போதே பலர் கேட்டார்கள். 2023-ல் "பிரபல்" என்ற ரிவால்வர் வந்தது. இதில் மடக்க வேண்டாம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எல்லாமே பாயிண்ட் 32 தான்.

பாயிண்ட் 32-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசத்தைக் குண்டின் அகலத்தை வைத்து மட்டும் பேசுகிறார்கள். ஒன்று 8 மில்லிமீட்டர், மற்றது 11.5. சுடுகிறவனுக்கு அதைவிட முக்கியம் பின்னுதைப்பு. நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கித் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி நம்மை நோக்கி வரும் வேகம் கிடைக்கும். வெடித்த மருந்தின் வாயுவுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் ரிவால்வரில் குண்டு 6 கிராமுக்குச் சற்று மேல், வேகம் வினாடிக்கு 215 மீட்டர் அளவு. ரிவால்வர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். பாயிண்ட் 45-ன் குண்டு 15 கிராம். குட்டைக் குழலில் வேகம் 235 மீட்டர் அளவு. பிஸ்டல் 750 கிராம் என்றால் பின்னால் வரும் வேகம் 5 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கு என்றால் சக்தி அதன் வர்க்கம், அதாவது ஆறு மடங்குக்கு மேல். வீட்டுப் பாஷையில் சொன்னால், 1 கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் சாண் உயரத்திலிருந்து உள்ளங்கையில் விழுவதற்கும், இடுப்பு உயரத்திலிருந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சின்னத் துப்பாக்கி, ஆகவே சுடுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். எடை குறைந்தால் உதை கூடும். குழல் குறைந்தால் குண்டின் வேகம் குறைந்து, சத்தமும் தீப்பொறியும் கூடும். பிடி குட்டையானால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. முழு அளவு பாயிண்ட் 45 ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனமே பாதி உதையை விழுங்கிவிடும். இடுப்பில் அடங்க வேண்டும் என்று அதைக் குறைக்கக் குறைக்க, குறைத்த ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டில் வந்து உட்காருகிறது.

பாயிண்ட் 45 தோட்டாவையும் அதற்கான பிஸ்டலையும் வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர். அமெரிக்க ராணுவம் அந்தப் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது 1911 மார்ச் மாதம். அதே 1911-ல், ஜூன் 17 அன்று, நம் மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பிரௌனிங் பிஸ்டலால்தான். பெல்ஜியத்தில் செய்த சின்ன வகை. ரயில்வேக்காரன் என்பதால் அந்த ஸ்டேஷன் வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். தில்லியில் 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்திஜிக்கு எதிரே வந்து கைகூப்பியவனிடம் இருந்ததும் சட்டைப் பைக்குள் அடங்கும் இத்தாலிய பெரெட்டா. 1999 ஏப்ரலில் மெஹ்ரோலி விருந்தில் ஜெசிகா லால் கொல்லப்பட்டது பாயிண்ட் 22-ல். ஒரு கோப்பை மது ஊற்ற மறுத்ததற்காக! 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் பிழைத்தார்கள், எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. ஆகவே "பவர்" என்பது துப்பாக்கியின் போரை வைத்து அளக்கிற சமாசாரம் இல்லை.

என் மகன் டெக்ஸாஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று இருக்கிறான். அங்கே 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் இது எல்லா வெளிநாட்டவருக்கும் பொருந்தாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம்; சில விலக்குகள் மட்டும் உண்டு. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விலக்குகளில் ஒன்று வேட்டை உரிமம். சுற்றுலா விசாவில் போன நான், என் மகனுடைய பிஸ்டலை ஒரு தரம் சுட்டுப் பார்ப்பதற்காக, வெளியூர்க்காரர்களுக்கான வேட்டை உரிமம் எடுத்தேன். கத்திரிக்காய்க்கு மேல் எதையும் நறுக்கியறியாத சைவப் பிள்ளை நான். அந்தச் சீட்டை என் மனைவி சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள்.

பிஸ்டல் அழகாகத்தான் இருந்தது. பிரௌனிங்கின் அமைப்பில் குழலும் மேல் ஸ்லைடும் கொண்டியால் பூட்டப்பட்டு முதலில் சேர்ந்தே பின்னால் நகரும். குண்டு வெளியேறியதும் குழலின் பின்பக்கம் கீழே இறங்கி, பூட்டு விடுபட்டு, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய்க் காலித் தோட்டாவை வெளியே எறியும். திரும்பி வரும்போது அடுத்ததை உள்ளே தள்ளும். நூறு வருடம் தாண்டியும் இதைவிட எளிதாக எவரும் செய்துவிடவில்லை. குட்டைப் பிஸ்டலில் ஸ்லைடு ஓட இடம் குறைவு. அதனால் ஸ்பிரிங்கைப் பலமாகப் போட்டிருக்கிறார்கள். என் கையால் ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதும் போகாமல் தோட்டா நடுவில் சிக்கிக்கொள்ளும். எனக்கு இரண்டு தரம் சிக்கியது. ஸ்பிரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டும் என்றான். 7 மீட்டரில் காகித இலக்கு. முதல் குண்டு காகிதத்தில் பட்டது. இரண்டாவது முதல் நான் சத்தத்துக்குப் பயந்து சுடுவதற்கு முன்பே கண்ணை மூடியதால் எங்கே போயிற்று என்று தெரியாது. பத்துத் தோட்டாவில் கட்டைவிரல் அடி வீங்கிவிட்டது.

ஆனால் எனக்கு வியர்த்தது அதனால் அல்ல, அதன் விசையால். விரலை வைத்தேனோ இல்லையோ, வெடித்துவிட்டது. அந்த வகைப் பிஸ்டலில் சுத்தி ஏற்கெனவே பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். கட்டைவிரலால் பூட்டைத் தள்ளிவிட்டால், விசைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தம் போதும், ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ நகர்ந்தால் போதும். என் பாயிண்ட் 32 வேறு ஜாதி. விசையை இழுப்பதுதான் சிலிண்டரைத் திருப்பும், சுத்தியையும் தூக்கும், பிறகு விடும். முன்பு ஒருநாள் காலி ரிவால்வரில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறேன். 6 கிலோவுக்கு மேல் காட்டியது, தூரமும் அரை அங்குலத்துக்கு மேல். பயிற்சியின்போது விரல் நடுங்கும், குறி விலகும். எத்தனையோ தரம் அதைத் திட்டியிருக்கிறேன்.

2007 ஜூன். மின்சாரம் இல்லாத ராத்திரி, இரண்டு மணி இருக்கும். எங்கள் வீடு தரைத்தளம். பின்பக்க வராந்தாவில் கிரில் கதவின் தாழ்ப்பாள் நகரும் சத்தம். எழுந்து, இருட்டிலேயே பீரோவைத் திறந்து, ரிவால்வரை எடுத்துத் தோட்டா போட்டேன். ஆறு போட வேண்டியதில் ஐந்துதான் போட்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. நடையில் வந்து நின்றேன். சமையலறைப் பக்கம் ஒரு உருவம், முதுகில் மூட்டை. "கோன் ஹை" என்று கேட்க வேண்டும். கேட்கத்தான் நினைத்தேன். தொண்டையில் காற்றுகூட வரவில்லை. விரல் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலிண்டர் திரும்புவது உள்ளங்கையில் தெரிந்தது. சுத்தி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த உருவம் தண்ணீர் டிரம்மில் காலை இடித்துக்கொண்டு, "அம்மா!" என்றது.

தில்லித் திருடன் இடித்துக்கொண்டால் "அரே" என்பான். விரலைத் தளர்த்தினேன். சுத்தி இறங்கியது. திருச்சி என்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த என் மகன், இரண்டு நாள் கழித்து வர வேண்டியவன், தத்காலில் டிக்கெட் கிடைத்ததும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறான். மழையில் வண்டி தாமதம். செல்போனில் சார்ஜ் இல்லை, மின்சாரம் இல்லாததால் காலிங் பெல்லும் இல்லை. எங்களை எழுப்ப வேண்டாமே என்று, கிரிலுக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளும் வித்தையைச் செய்திருக்கிறான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தைதான். "என்னப்பா, இன்னும் தூங்கலையா?" என்றான். ரிவால்வரை ஃப்ரிட்ஜ் மேல் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "புழுக்கம்டா" என்றேன்.

என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது. இந்த இதழ் வந்ததும் தெரிந்துவிடும். மகனுக்கு டெக்ஸாஸில் அன்று, சுட்டு முடித்துக் காரில் ஏறியதும் சொன்னேன். பாதி வழி அவன் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு தூரம் இழுத்திருந்தீங்க?" என்று கேட்டான். அவனும் இன்ஜினியர் அல்லவா. "பாதிக்கு மேல்" என்றேன். அன்று மாலையே, அதுவரை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த பிஸ்டலுக்குக் கைரேகைப் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்கினான். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். இடுப்பில் மாட்டிக்கொள்வதை விட்டானா என்றால், இல்லை. வாதம் செய்து பார்த்தேன். "அந்த ஊர் வேற, இந்த ஊர் வேறப்பா" என்கிறான்.

2007-க்குப் பிறகும் ஏன் 17 வருடத்துக்கு மேல் அதை வைத்திருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். முதல் பதில் சோம்பல். இரண்டாவது, வெட்கப்படாமல் சொன்னால், கௌரவம். லைசென்ஸ் வைத்திருப்பவன் என்றால் பேட்டையில் ஒரு மரியாதை உண்டு. 2016 விதிகளின்படி, 70 வயதானவரோ 25 வருடம் வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற வழி இருக்கிறது. 2023-ல் எனக்கு 25 வருடம் முடிந்தது. மகளிடம் கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா? ஒரு நல்ல பிரஷர் குக்கர் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதையொட்டி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் பட்டாளத்திலோ போலீஸிலோ இருந்து ஓய்வு பெற்று, லைசென்ஸ் வைத்திருந்து காலமானவர்கள் சிலர் உண்டு. அவர் போனதும் அவருடைய லைசென்ஸும் போயிற்று. பீரோவில் கிடக்கும் துப்பாக்கி, அன்று முதல் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாத சிறை, 5 ஆண்டு வரை போகலாம். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திராமல், காவல்நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். வாரிசு லைசென்ஸுக்கு அதன் பிறகு நிதானமாக விண்ணப்பிக்கலாம். என் நண்பர் ஒருவரின் மனைவிக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல், நான்கு வருடம் அரிசி டின்னுக்குள் ஒரு ரிவால்வர் இருந்தது.

சென்ற ஆண்டு புதுப்பிக்கும் தேதி வந்தது. கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது, கையிலும் லேசான நடுக்கம். மருத்துவச் சான்றிதழுக்கு டாக்டரிடம் போய்ப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ரிவால்வரைக் கன் ஹவுஸில் கொடுத்தேன். அவர் தந்த விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். 27 வருடத்தில் நான் ஒரு மனிதனை நோக்கி அதை நீட்டியது ஒரே தரம், அதுவும் யாரை என்று மேலே எழுதிவிட்டேன். லைசென்ஸ் புத்தகத்தை லைசென்சிங் பிரிவில் ஒப்படைத்துவிட்டு மெட்ரோவில் திரும்பினேன். ரிவால்வரோடு போன நாட்களில் எல்லாம் ஆட்டோதான். சோதனை வாயிலில் ஜவான் கருவியை இடுப்பருகே கொண்டுவந்ததும் அது கத்தியது. "பாபுஜி, யே க்யா ஹை?" என்றான். பெல்ட்டின் கொக்கி.

மாப்பிள்ளைக்கு: லைசென்ஸ் விண்ணப்பம் இப்போது இணையத்தில் போட வேண்டும். படிவத்தில் சில கேள்விகள் குழப்பும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க நூலகத்தில் இருப்பேன். வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். வரும்போது ராத்திரி எந்த வழியாகக் கார் ஓட்டி வருகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். ரிங் ரோடைத் தொடாமல் வேறு வழி இருக்கிறதா என்றும் யோசிப்போம்.